உப்புச் சோதனை

மாமியாருக்குப் போட்ட காபியில் சர்க்கரைக்குப் பதிலாக இரண்டு ஸ்பூன் உப்பை அள்ளிப் போட்டாள் மருமகள். கை தவறி இல்லை, தெரிந்தேதான்.

சமையலறை வாசலில் நின்ற கணவன் பார்த்துவிட்டான்.

"ஏய், அது உப்பு."

"தெரியும்."

"அம்மாவே இப்ப ஒரு மாசமா தான் உண்டு தன் வேலை உண்டுன்னு இருக்காங்க. இப்பதான் வீடு வீடா இருக்கு. அவங்களைப் போய் ஏன் சீண்டுற? மனசாட்சி இருக்கா உனக்கு?"

அவள் காபியைக் கலக்கிக்கொண்டே சொன்னாள். "இன்னிக்கு எங்க லேப்ல ஒரு கூத்துங்க. தேனீ கூட்டை அடைக்க ஒரு பிசின் வைக்கும்ல, அதுலேருந்து எடுத்த மருந்தை ரத்த வெள்ளையணு மேல விட்டோம். சீண்டினா சீறிக்கிட்டு வீக்கத்தைக் கிளப்புற அணுங்க. மருந்து பட்டதும் கப்சிப். எங்களுக்குச் சந்தோஷத்துல தலைகால் புரியல."

"நல்ல சேதிதானே?"

"எங்க மேடம் அசையலையே. 'அடங்கிடுச்சு சரி. அமைதியா இருக்கா, செத்துப் போச்சா, அதைப் பார்த்தீங்களா'ன்னாங்க. நீலச் சாயம் விட்டுப் பார்த்தோம். செத்த அணுதான் சாயத்தை உள்ளே விடும். பாதிக்கு மேல நீலம். மருந்தைக் கூடுதலா ஊத்திட்டோம்."

"அதுக்கும் காபிக்கும் என்ன சம்பந்தம்?"

"முன்னெல்லாம் காபி ஆறிப்போனா ஒரு பாட்டு, நுரை இல்லேன்னா ஒரு பாட்டு. சர்க்கரை ஒரு துளி குறைஞ்சா என் பரம்பரையையே இழுப்பாங்க உங்கம்மா. இப்ப எதைக் கொடுத்தாலும் சத்தமே இல்ல."

"வேணாம், அதை இப்படிக் கொடு" என்று மறித்தான். அவள் விலகி நடந்தாள். அவனும் பின்னாலேயே வந்தான்.

மாமியார் ஒரு வாய் குடித்தார். முகம் கோணியது. சட்டென்று சரிசெய்துகொண்டு இன்னொரு வாய் விழுங்கினார்.

"எப்படி இருக்கு அத்தை?"

"நல்லா இருக்கும்மா."

மருமகள் கப்பைப் பிடுங்கிக் கீழே வைத்தாள்.

"உப்பு அத்தை அது. உப்பு. இதைக்கூடவா குடிப்பீங்க? என்னைத் திட்டுங்களேன்."

மாமியார் அவளைப் பார்க்கவில்லை. பின்னால் நின்ற மகனைப் பார்த்தார்.

"எப்படிம்மா திட்டுவேன்? இனி வாயைத் திறந்தா முதியோர் இல்லத்துல கொண்டுபோய் விட்டுடுவேன்னு சொல்லியிருக்கானே."