தொட்டியில் ஒன்பது சாக்லேட்

எறும்புதான் காட்டிக்கொடுத்தது.

கேட்டுக்குப் பக்கத்தில் செம்பருத்தித் தொட்டி. அதன் விளிம்பில் சாரையாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. மருந்து தூவ வந்தவள், பழைய கரண்டிக் காம்பால் மண்ணைக் கிளறினாள்.

நீலக் காகிதம்.

இன்னொன்று.

மொத்தம் ஒன்பது சாக்லேட். ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை.

இதே நீலக் காகிதம் மாடியில் தம்பியின் மேசை மேல் ஒரு டப்பா நிறைய இருக்கிறது. அவன் நடத்தும் கீபோர்டு வகுப்பில் நன்றாக வாசிக்கும் பிள்ளைக்குப் பரிசாம்.

யார் புதைத்திருப்பார்கள் என்று அவள் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

எதிர் வீட்டு எழிலரசியின் மகள் கனிஷ்கா. நாலாம் வகுப்பு. செவ்வாயும் வெள்ளியும் மாடிக்கு வரும். கடைசி ஆளாக இறங்கும். இறங்கியதும் இந்தத் தொட்டியருகே குனியும். செருப்பு வாரை மாட்டுகிறது என்று இவள் நினைத்திருந்தாள்.

தெருவில் அவளுக்கு ‘கேமரா அக்கா’ என்று பட்டப்பெயர். முதுகுக்குப் பின்னால்தான் சொல்வார்கள். அவளுக்கும் தெரியும், உள்ளூரப் பெருமைதான். யார் வீட்டுக் கதவு எத்தனை மணிக்குச் சாத்தியது, யார் மருமகள் பெட்டியோடு எந்தப் பஸ் ஏறினாள், எல்லாம் அவள் கண்ணில் பதிவாகிவிடும்.

கேமரா தெருவைப் பார்த்து மாட்டியது. அவள் வீட்டு மாடிப்படி அதில் விழாது.

விழுந்ததையும் அவள் சும்மா விட்டதில்லை. மற்ற பிள்ளைகள் வரும்வரை கனிஷ்கா கேட்டுக்கு வெளியிலேயே நின்றது. சித்திரை வெயிலில் முழுக்கை ஸ்வெட்டர் போட்டு வந்தது. அன்றைக்கே தண்ணீர் லாரி வரிசையில் பேச்சை எடுத்துவிட்டாள்.

“மாடியில ஊட்டிக் குளிருன்னு நெனச்சுட்டா போலடி!”

குடங்கள் குலுங்கச் சிரித்தார்கள். இவள்தான் அதிகமாகச் சிரித்தாள்.

கேட் கிறீச்சிட்டது.

கனிஷ்கா. முழுக்கை ஸ்வெட்டர். கண் நேராகத் தரைக்குப் போனது. மண் ஒட்டிய ஒன்பது சாக்லேட்.

“ஏன் கண்ணு, பிடிக்கலையா?”

பிள்ளை மாடியைப் பார்த்தது. மேலே தம்பி ஏதோ பாட்டு வாசித்துக்கொண்டிருந்தான்.

“சொன்னா நீங்க தெரு பூரா சொல்லிருவீங்கன்னு சார் சொன்னாரு ஆன்ட்டி. அப்பறம் அம்மா வெளிய தலைகாட்ட முடியாதாம்.”

எதைச் சொன்னால் என்று அவள் கேட்கவில்லை.

 

பிள்ளையின் வாயை அடைத்திருக்கிறான். இவள் வாயைக் காட்டி.

அம்மா போன பிறகு இடுப்பில் சுமந்து வளர்த்த தம்பி. அடுத்த மாதம் நிச்சயம். கல்யாணப் பத்திரிகைக்கு மாதிரி பார்த்து வைத்தாகிவிட்டது.

பின்னாலேயே இன்னும் இரண்டு பிள்ளைகள் வந்தார்கள். கேட்டிலேயே மறித்தாள்.

“இன்னிக்குக் கிளாஸ் கெடையாது. வீட்டுக்கு ஓடுங்க.”

கனிஷ்காவை மட்டும் அடுப்படிக்குக் கூட்டிப் போனாள். உட்காரவைத்து ஒரு தோசை வார்த்துப் போட்டாள். பிள்ளையின் பையிலிருந்த பள்ளி டைரி, பின்னட்டை. குழந்தைகளுக்கு உதவி, 1098. போனை எடுத்துக்கொண்டு கொல்லைக் கதவருகே போய் நின்றாள். அங்கிருந்து தட்டும் தெரியும், மாடிப்படியும் தெரியும்.

முதல் ரிங்கிலேயே எடுத்துவிட்டார்கள்.

ஊர்க்கதை எதுவானாலும் ‘நான் சொன்னேன்னு சொல்லிராத’ என்றுதான் ஆரம்பிப்பாள். அது வரவில்லை. அந்தப் பக்கத்துப் பெண்குரல் முந்திக்கொண்டது.

“பயப்படாம சொல்லுங்கம்மா. நீங்க சொன்னதா யாருக்கும் தெரியாது.”

அந்த வார்த்தைக்கு என்ன மரியாதை என்று அவளுக்குத் தெரியாததா.

“எம் பேரு தெரிஞ்சா தெரியட்டும். பிள்ளை பேருதான் வெளிய வரக்கூடாது. எழுதிக்கங்க. மங்கையர்க்கரசி. அந்த ஆளு எங்கூடப் பொறந்தவன்.”

எழுதிக்கொண்டார்கள். பிள்ளையைத் துருவிக் கேட்க வேண்டாம். அவனிடம் காட்டிக்கொள்ள வேண்டாம். நாங்கள் வரும்வரை பிள்ளையைத் தனியே விட வேண்டாம் என்றார்கள்.

துருவாமல் இருப்பது எப்படி என்று அவளுக்கு இதுவரை யாரும் சொல்லித் தந்ததில்லை.

இன்னொரு தோசை வார்த்தாள்.

“அக்கா!” மாடியிலிருந்து தம்பி. காப்பி கேட்கும் அதே குரல். “ஒருத்தரும் வரலையா?”

“ஸ்கூல்ல ஏதோ விழாவாம்டா. நீ வாசி.”

கதை கட்டுவது அவளுக்குப் புதிதா என்ன.

அவன் வாசித்தான். கனிஷ்கா தோசையைச் சின்னச் சின்னதாகப் பிய்த்துத் தட்டின் ஓரத்தில் அடுக்கிக்கொண்டிருந்தது. சாப்பிடவில்லை. அவளும் சாப்பிடு என்று சொல்லவில்லை.

ஆறு மணிக்கு ஒரு கார் வந்து நின்றது. சாதாரணப் புடவையில் இரண்டு பெண்கள். பேன்ட் சட்டையில் இரண்டு ஆண்கள். ஜவுளிக்கடை அடையாள அட்டை கழுத்தில் ஆட, அவர்கள் போன் செய்து வரச்சொன்ன எழிலரசியும் பின்னாலேயே ஓடி வந்தாள்.

செய்தித்தாளில் பொதிந்த ஒன்பதையும் மங்கையர்க்கரசி கொடுத்தாள். பெண்களும் எழிலரசியும் அடுப்படிக்குப் போனார்கள்.

ஆண்கள் மாடியேறினார்கள்.

கேட்டைச் சாத்த அவள் வாசலுக்கு வந்தாள். பக்கத்து வீட்டுச் சுலோசனா அதற்குள் சுவர் மேல் முழங்கையை ஊன்றி நின்றாள். அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு தலைகள். தண்ணீர் லாரி வரிசை முழுக்க இங்கேயே வந்துவிடும் போலிருந்தது.

“என்னக்கா, காரெல்லாம் வந்திருக்கு? பாட்டு வேற பாதியில நின்னுபோச்சு?”

மூன்று பேரும் காத்திருந்தார்கள்.

“ஒண்ணுமில்ல” என்றாள்.