தொண்டையில் நின்றது

அவள் இரண்டு கையாலும் நாயின் தாடையைப் பிரித்துப் பிடித்திருந்தாள்.

டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார்.

“எலும்புதான். கோழியா, ஆடா?”

அவள் நழுவிய தாடையை மறுபடி இறுக்கிப் பிடித்தாள்.

“ஏம்மா, உன்னைத்தான். கோழின்னா ஊசி ஊசியா உடையும். அதுக்குக் கேக்கறேன்.”

“தெரியல சார்.”

“சோத்து உருண்டை, வாழைப்பழம் எதையாவது குடுத்து உள்ள தள்ளினியா?”

“இல்ல சார்.”

“உப்புத் தண்ணி?”

“ஒண்ணும் குடுக்கல.”

“நல்ல காரியம். எல்லாரும் அதைத்தான் முதல்ல செய்வாங்க. உள்ள போய்க் குடலைக் கிழிச்சிரும்.”

பக்கத்து வீட்டுக்காரி சொல்லத்தான் சொன்னாள், உருண்டை பிடித்துப் போடு என்று. அவளும் சோற்றில் கை வைத்துவிட்டாள். அது உள்ளே போய்விடக் கூடாது என்று தோன்றியது. கையை உதறிவிட்டு, கொடியில் கிடந்த துண்டில் நாயைச் சுற்றி ஆட்டோவில் ஏற்றினாள்.

அப்பாவின் துண்டு.

பவுனு என்று பேர் வைத்ததும் அப்பாதான். அவர் போய் மூன்று நாள். மூன்று நாளும் பவுனு எதையும் தின்னவில்லை. அவரைத் தூக்கிக்கொண்டு போன தெருவைப் பார்த்தே படுத்துக் கிடந்தது.

நேற்றுக் காலை ஆண்கள் மட்டும் சுடுகாட்டுக்குப் போனார்கள். சாம்பலில் பால் தெளித்து, எலும்பு பொறுக்கி வர.

பாலைக் காய்ச்சாமல் செம்பில் ஊற்றி வாசல் வரை கொண்டுபோய்க் கொடுத்தது அவள்.

வாசலோடு சரி.

கலயத்தோடு வந்த அண்ணன், அதை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்று முருங்கை மரத்தில் கட்டித் தொங்கவிட்டான். வேறு மரம் இல்லை. அவன் ஊரை விட்டுப் போய்ப் பதினாறு வருஷம். முருங்கைக் கொம்பு எதையும் தாங்காது என்பது மறந்துபோயிருக்கும்.

இன்று மத்தியானம், எல்லாரும் சாப்பிட்டுப் படுத்த பிறகு, கொம்பு முறிந்தது.

கீழே மணல். கலயம் உடையவில்லை. அவள் ஓடிப் போவதற்குள் பவுனு துணியை அவிழ்த்து மூஞ்சியை உள்ளே விட்டிருந்தது.

பால் வாசனைக்கா, வேறு வாசனைக்கா, தெரியாது.

மூன்று நாளில் அது வாய் வைத்தது அதில்தான்.

டாக்டர் இடுக்கியை உள்ளே விட்டார். பவுனு காலை உதைத்தது. அவள் முழங்கையால் அழுத்திக்கொண்டாள். ரத்தமும் எச்சிலுமாக, ஒரு விரல் நீளத்துக்கு வெளியே வந்தது.

அவர் அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

“சுட்ட எலும்பா இருக்கு. கண்டதையும் பொறுக்கித் தின்ன விடாத.”

காலடியில் இருந்த வாளியில் போட்டார். பஞ்சு, ஊசி, உடைந்த மருந்துக் குப்பி. அவற்றின் மேல் அது விழுந்தது.

“நாளைக்கு வரைக்கும் கெட்டியா ஒண்ணும் வேணாம். பால் மட்டும் குடு.” மருந்துச் சீட்டை எடுத்து எழுதத் தொடங்கினார்.

அவள் நகரவில்லை.

“அது எனக்கு வேணும் சார்.”

“எது?”

அவள் வாளியைப் பார்த்தாள்.

“அதை வெச்சு என்னம்மா பண்ணப் போற?”

“நாலு மணிக்கு ராமேஸ்வரத்துக்குக் கார் கிளம்புது சார்.”

பேனா நின்றது.

அவர் அவளுடைய சீவாத தலையைப் பார்த்தார்.

“யாரு?”

“அப்பா.”

டாக்டர் எழுந்து, இடுக்கியால் தானே எடுத்தார். குழாயடியில் வெகுநேரம் கழுவினார். புதுப் பஞ்சில் சுற்றி, இரண்டு கையாலும் நீட்டினார்.

“கோழியான்னு கேட்டுட்டேன். மனசுல வெச்சுக்காதம்மா.”

அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

நாலு மணிக்குள் கலயத்தில் சேர்த்துவிட வேண்டும். அப்பா முழுசாகப் போக வேண்டும். ஆட்டோவில் வழி நெடுக அந்த ஒரு நினைப்புத்தான்.

மூன்றே முக்காலுக்கு வந்து இறங்கினாள். வாசலில் கார் நின்றது. அண்ணன் கலயத்தைக் கையில் வைத்துக்கொண்டு முடிச்சைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“இது நான் போட்ட முடிச்சு இல்லையே?”

“கொம்பு முறிஞ்சிருச்சுண்ணே. நாய் துணியை அவுத்துருச்சு. நான்தான் திருப்பிக் கட்டினேன்.”

“உள்ள தொட்டியா?”

“இல்ல. துணியைத்தான்.”

“பொம்பளை தொடக் கூடாதுன்னு தெரியாதா உனக்கு?” பவுனைப் பார்த்தான். “நான் வர்றதுக்குள்ள இந்தச் சனியனை எங்கயாச்சும் கொண்டுபோய் விட்டுரு.”

அவள் கை பாதி நீண்டிருந்தது. பஞ்சு ஈரமாக விரல்களுக்குள் இருந்தது.

“அண்ணே, நானும் வரட்டுமா?”

“கார்ல இடமில்ல. நீ வீட்டைக் கழுவி விடு.”

கை கீழே இறங்கியது.

கார் தெருமுனையில் திரும்பியது. பவுனு தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி படுத்தது.

அவள் பஞ்சை வீட்டுக்குள் கொண்டுபோனாள். அப்பாவின் கண்ணாடிக் கூட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

பிறகு கூடத்தைக் கழுவினாள். பிறகு அடுப்படியை. பிறகு வாசலை.

குளித்துவிட்டு வந்து கிண்ணத்தையும் கரண்டியையும் எடுத்தாள்.

பாலைக் காய்ச்சவில்லை.

பவுனின் எதிரில் உட்கார்ந்து, பஞ்சைப் பிரித்து, அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள்.

முதல் கரண்டியை அதன்மேல் ஊற்றினாள்.

விரலிடுக்கில் வழிந்ததைப் பவுனு நக்கியது.