இரண்டடி தூரம்

"மறுபடியும் அணைஞ்சிடுச்சு. பக்கத்துல வராதேன்னு எத்தனை தடவைம்மா சொல்றது?"

"கேசரி அடிப்பிடிக்கிற வாசனை வந்துச்சுடி. அதான் ஓடி வந்துட்டேன்."

தில்லைநாயகி இரண்டடி பின்வாங்கினாள். அவள் நெஞ்சிலிருக்கும் பேஸ்மேக்கர் அருகில் வந்தால் இண்டக்‌ஷன் அடுப்பு தானாக அணைந்துவிடும். ஒரே நாளில் மூன்று முறை அணைந்தால் மறுநாள் வரை பூட்டிக்கொள்ளும். இது இரண்டாவது முறை. சமையல் நேரத்தில் வழக்கமாக அவள் வாசலுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில்தான் உட்கார்ந்திருப்பாள்.

இன்று அது முடியாது. மகள் யாழினியைப் பெண் பார்க்க வருகிறார்கள். அம்மாவும் பெண்ணும் சேர்ந்து நின்று பஜ்ஜி போடுவதைப் பார்க்க வேண்டும் என்று பையனின் தாய் சொல்லியனுப்பியிருந்தாள். இதய நோய் உள்ள குடும்பத்தில் அவர்கள் பெண் எடுப்பதில்லை.

"அவங்க முன்னாடி அணைஞ்சா, 'இதயக் கருவி அருகில் உள்ளது'ன்னு ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தும்," என்றாள் யாழினி, அடுப்பின் கண்ணாடியைத் துணியால் துடைத்தபடி.

"நான் ஊர்ல இல்லேன்னு சொல்லிடேன்."

"பெத்தவ இல்லாம பொண்ணு பார்க்கிறதா? நல்லா இருக்கும்!"

காலிங் பெல் அடித்தது. யாழினி அம்மாவின் ஃபோனை எடுத்து, பேஸ்மேக்கர் ஆப்பைத் திறந்து, ஆஸ்பத்திரியில் மட்டுமே தொட வேண்டிய சிவப்பு பட்டன் தெரியும்படி அவள் கையில் வைத்தாள். குரல் கொஞ்சலாக மாறியது.

"இருபது நிமிஷம்தான்மா. பஜ்ஜி போட்டு முடிக்கிற வரைக்கும் அதை ஆஃப் பண்ணி வச்சுக்கிறியா?"