மாடியில் நின்ற அண்ணாச்சி

ஐந்தருவியில் தண்ணீர் கொட்டுகிறது என்று கேள்விப்பட்டதிலிருந்து கொத்தனார் மாடனுக்குக் கரண்டி பிடிக்க மனமில்லை. ஆட்களைக் கூட்டிக்கொண்டு குற்றாலத்துக்கு நழுவிவிடத் துடித்தான். ஆனால் வீட்டுக்காரர் சங்கரபாண்டி, கட்டி முடியாத மாடியில், கொட்டும் சாரலில், குடையும் கையுமாக முதுகைக் காட்டி நின்றார்.

“மைனி, அண்ணாச்சி நனையுதாகளே! இறங்கச் சொல்லுங்க,” என்றான் மாடன்.

“ஆவணியில புது வீட்டுக்குப் பால்காய்ப்பு. கூடம் பூசி முடியட்டும். அதுவரைக்கும் மேல ஏறிப் போய்ப் பேசிராத,” என்றாள் அவர் மனைவி முப்பிடாதி.

மாடன் பல்லைக் கடித்துக்கொண்டு பூசினான். மேலே நின்றவர் அசையவே இல்லை. பொழுது சாய்வதற்குள் கூடம் முடிந்துவிட்டது.

அப்போது வாசலில் வண்டி வந்து நின்றது. ஈரத் தலையோடு இறங்கினார் சங்கரபாண்டி.

“ஏலே மாடா, இங்கனயா இருக்கே? உன்னைய அருவி பூரா தேடினேம்லே!”

மாடன் திடுக்கிட்டு அண்ணாந்து பார்த்தான். மாடியில் குடை அப்படியே நின்றது.

“கண்ணேறு படாம இருக்க வைக்கோல் பொம்மை கட்டினேன்,” என்றாள் முப்பிடாதி. “அவுக சட்டையத்தான் மாட்டினேன். அவுகளைவிட நல்லா வேலை வாங்குது!”