புது பேட்டரி

புல்வெட்டும் இயந்திரத்தின் பழைய பேட்டரியைக் கழற்றிவிட்டு, அதைவிடப் பெரியதாக ஒன்றைத் தட்டிப் பொருத்தினார் சிவநேசன். தோட்டப் போட்டியின் நடுவர்கள் சற்று நேரத்தில் வந்துவிடுவார்கள். சுவரோரம் அவர் போட்டிக்காக வளர்த்த டேலியாச் செடிகள் ஆள் உயரத்துக்குப் பூத்து நின்றன. “இனிமே பாதியில நிக்காது” என்றார் மனைவியிடம்.

“தடிச்ச தண்டு மாட்டினாகூடவா?” என்று கேட்டாள் பூங்கோதை.

“எது மாட்டினாலும் ஓடும்.”

போன மழைக்காலத்தில், அவளுடைய நாய் கறுப்பனைப் புதைத்த இடத்தில் அவள் நட்டிருந்த சாமந்தி நாற்றுகளின் மேல் இதே இயந்திரத்தைத்தான் அவர் ஓட்டினார். அவள் அலறிக்கொண்டு ஓடிவந்தபோது இயந்திரத்தை நிறுத்தக்கூட இல்லை. “களைன்னு நெனச்சேன், விடு” என்றார்.

“நான் குளிச்சிட்டு வந்துடறேன், நீ புல்லை முடிச்சுடு” என்று அவர் உள்ளே போனார். அவள் விசையை அழுத்தி, புல்தரையை விட்டு விலகி, சுவரோரமாக இயந்திரத்தைத் தள்ளினாள். முதல் டேலியாவின் தண்டில் அது ஒருமுறை முக்கியது. ஆனால் நிற்கவில்லை.

குளியலறை ஜன்னலிலிருந்து குரல் வந்தது: “ஓரத்துல ஒண்ணு விடாம வெட்டு!”

“சரிங்க” என்றாள், அடுத்த செடியைப் பார்த்தபடி.