ஏழாவது முறை வந்த பெட்டி

சரக்கு விமான நிலையத்தில் பார்சல்களை ஸ்கேன் செய்து அனுப்பும் தேவசகாயத்தின் முன்னால் அந்தப் பழுப்புப் பெட்டி ஏழாவது முறையாக வந்து நின்றது. பெறுநர் முகவரியில் ஆள் இல்லை, அனுப்பியவர் முகவரியிலும் இல்லை. அதனால் கடலுக்கு அங்கிட்டும் இங்கிட்டுமாக அலைந்துகொண்டே இருந்தது. இந்த முறை உள்ளேயிருந்து மெல்லத் தட்டும் சத்தம் கேட்டது.

"சார், உள்ள ஏதோ தட்டுது."

சூப்பர்வைசர் நிமிரவில்லை. "ஸ்டிக்கரை ஒட்டி அனுப்புய்யா. திறக்கறது நம்ம வேலை இல்ல."

தேவசகாயத்துக்கு மனசு கேட்கவில்லை. யாராவது ஒருத்தர் வாங்கிக்கொண்டால்தானே அலைச்சல் தீரும்? தன் வீட்டு முகவரியை அடித்து ஒட்டி, பெல்ட்டில் விட்டான்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு, தன் ஒற்றை அறைக்குள் காத்திருந்தான். பதினொரு மணிக்கு அழைப்புமணி அடித்தது. ஓடிப்போய்த் தாழ்ப்பாளை விலக்கி இழுத்தான். கதவு அசையவில்லை.

"தம்பி, போயிடாதீங்க! இருக்கேன்!" என்று கதவைத் தட்டினான்.

வெளியே டெலிவரிக்காரன் போனில் பேசுவது தெளிவாகக் கேட்டது.

"சார், உள்ள ஏதோ தட்டுது."

போனுக்குள் ஒரு குரல் ஏதோ சொன்னது.

"சரி சார்" என்றான் அவன். பிறகு ஸ்டிக்கர் உரியும் சத்தம் கேட்டது. கதவின் மறுபக்கம் ஒரு உள்ளங்கை அதை அழுத்தித் தேய்த்தது.