ஏழாவது பத்தி

"ஏம்மா, சுத்தறிக்கைல கையெழுத்து வாங்கச் சொன்னா, அவங்கவங்க சொந்த விஷயத்தை எதுக்கு நோண்டுறே?"

மேனேஜர் கத்திய கத்தலில் மாஸ்க் நழுவித் தாடைக்கு வந்துவிட்டது. எதிரே 'சுற்றறிக்கை அக்கா' ஆறடி தள்ளி நின்றாள். குடிநீர் வாரியத்தின் அந்தக் கிளை அலுவலகத்தில் பதினோரு வருடமாகத் தினக்கூலி. சுற்றறிக்கையை மேஜை மேஜையாகக் கொண்டுபோய், 'படித்தேன்' என்று கையெழுத்து வாங்கி வருவது அவள் வேலை.

படிப்பது யாருடைய வேலையும் அல்ல. மேனேஜர் முதலில் போடுவார். அவர் போட்டதைப் பார்த்து மற்ற இருபத்தோரு பேரும் போடுவார்கள். நோய் பரவ ஆரம்பித்ததிலிருந்து வாரத்துக்கு நாலு சுற்றறிக்கை. 'ஒருவர் பேனாவை மற்றவர் தொடக் கூடாது' என்ற சுற்றறிக்கையை இருபத்திரண்டு பேரும் ஒரே பேனாவில் கையெழுத்துப் போட்டு ஏற்றுக்கொண்டார்கள்.

"என்கிட்ட என்ன வயசு, மாசமா இருக்கீங்களான்னு கேக்குறாங்க சார்" என்றாள் டைப்பிஸ்ட்.

"எனக்கு ஆஸ்துமாவான்னு கேட்டாங்க. அதுவும் தனியா கூப்பிட்டு!" என்றார் மீட்டர் ரீடர்.

மேனேஜருக்கு ஆத்திரம் வந்தது அதனால் அல்ல. காலையில் அவரிடமும் வந்து, "சாப்பிட்டதும் போடுறீங்களே, அது நெஞ்சு மாத்திரைதானே சார்?" என்று கேட்டிருந்தாள்.

அவர் நெஞ்சில் ஸ்டென்ட் இருப்பது மனைவிக்கு மட்டும்தான் தெரியும். பதவி உயர்வு நெருங்கும் நேரத்தில் வெளியே தெரிந்தால் கதை கந்தல். போன மாதம் கேஷியர் இந்த நோயில் போனதிலிருந்து அவருக்குத் தூக்கமே இல்லை. தடுப்பூசி எப்போது வரும் என்று தினமும் டிவி செய்தியைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போனது. சுற்றறிக்கையைப் பார்க்கலாம் என்று மட்டும் தோன்றவில்லை.

"உனக்கு மெமோ குடுத்தாதான் சரிப்படும்."

மெமோ தயாரானது. கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியவளும் அவளே. தன்னிடமே கொடுத்துக்கொண்டு, நின்று நிதானமாக முழுவதும் படித்து, 'படித்தேன்' என்று கையெழுத்துப் போட்டாள். அந்த அலுவலகத்தில் இப்படி ஒன்று நடந்தது அதுவே முதல் தடவை.

பிறகு நாலைந்து காகிதங்களை நீட்டினாள். மேனேஜர் வழக்கம்போல மடமடவென்று போட்டுத் தள்ளினார்.

"அந்தத் தடுப்பூசி சுத்தறிக்கைல ஏழாவது பத்தியை மட்டும் ஒரு தடவை பாத்துடுங்க சார். நாளைக்குக் கடைசி நாள்."

"எல்லாம் பாத்தாச்சு. நீ கிளம்பு."

நாலாம் நாள் தலைமை அலுவலகத்திலிருந்து மருத்துவ அதிகாரி போன் செய்தார்.

"அசத்திட்டீங்க சார்! பதினேழு கிளைல உங்களோடது மட்டும்தான் வயசு, நோய் விவரத்தோட கெடுவுக்குள்ள வந்துச்சு. அதுவும் ஒட்டின கவர்ல, ரகசியமா! உங்க இருபத்திரண்டு பேருக்கும் திங்கக்கிழமை ஊசி. இதய நோய்னு இருக்கறதால முதல் ஊசி உங்களுக்குத்தான். மேலிடத்துலயும் உங்களைப் பத்திச் சொல்லியிருக்கேன்."

மேனேஜர் ஒரு கணம் முழித்தார். "ஆமா ஆமா... நான்தான் உக்காந்து தயார் பண்ணேன்."

போனை வைத்ததும் அக்காவைக் கூப்பிட்டார்.

"பட்டியல் எழுதினது நீயா?"

"ஆமா சார். யாரும் விவரம் எழுதிக் குடுக்கல. வாயைத் திறந்து கேட்டாதானே தெரியும்? நீங்க கையெழுத்துப் போட்ட காகிதத்துல அதுவும் ஒண்ணு."

"இருபத்திரண்டு பேர்ல உன் பேர் இல்லையே?"

"அதுதான் சார் ஏழாவது பத்தி."

மேனேஜர் சுற்றறிக்கையை எடுத்தார். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து முதல் தடவையாக ஒன்றைப் படித்தார்.

'தினக்கூலிப் பணியாளர்களை, அலுவலகத் தலைவர் பரிந்துரைத்தால் மட்டுமே பட்டியலில் சேர்க்க இயலும்.'

"அதையும் எழுதி நீட்டியிருந்தா போட்டிருப்பேனே! நான் எதைத்தான் படிச்சுப் போட்டேன்?"

"மத்தவங்களுக்குன்னா நீட்டலாம் சார். எனக்கு நானே சிபாரிசு எழுதி, நீங்க பாக்காத நேரத்துல கையெழுத்து வாங்கினா, அது திருட்டு இல்லையா?"

மேனேஜர் உடனே மருத்துவ அதிகாரிக்குப் போன் போட்டார்.

"ஒரு பேர் விட்டுப்போச்சு சார். சேக்க முடியுமா?"

"கெடு முடிஞ்சுபோச்சே! மத்த பதினாறு கிளையும் சுத்தறிக்கையைப் படிக்கவே இல்லன்னு எழுதிக் குடுத்தாங்க. அவங்களுக்கு மட்டும் ஒரு வாரம் நீட்டிச்சிருக்கோம். நீங்கதான் படிச்சவராச்சே, உங்களுக்கு எப்படி சார்?"

மேனேஜர் கேஷியரின் காலி நாற்காலியைப் பார்த்தார். மேலிடத்தில் சொல்லியிருக்கிறார்கள். பதவி உயர்வு கைக்கெட்டும் தூரத்தில்.

போனை வைத்துவிட்டு, ஒரு வெள்ளைத் தாளை எடுத்துத் தன் கைப்படவே எழுதினார். அக்காவிடம் நீட்டினார்.

"இதை உடனே தலைமை அலுவலகத்துக்கு அனுப்பு."

அவள் வழக்கம்போல நின்று நிதானமாகப் படித்தாள்.

'சுற்றறிக்கையை நான் படிக்கவில்லை. படிக்காமலேயே படித்தேன் என்று கையெழுத்திட்டேன். பட்டியலைத் தயாரித்ததும் நான் அல்ல. அதைத் தயாரித்தவர் பெயரைச் சேர்க்குமாறு பரிந்துரைக்கிறேன்.'

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, தாளைத் திருப்பி மேஜைமேல் வைத்தாள்.

"கையெழுத்துப் போட மறந்துட்டீங்க சார்."